ஒரு பக்க மனுவில் எதை முதலில் எழுதுவது?

பிரேசிலின் பெலேம் நகரில் ஐநா காலநிலை மாநாடு 2025 நவம்பர் 22-ம் தேதி முடிந்தது. அடுத்த வாரமே டிட்வா புயல் இலங்கையைச் சூறையாடிவிட்டு நம் கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தது. போகிற போக்கில் நாகை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களின் சம்பா, தாளடி நெற்பயிர்களை முழுகடித்துவிட்டுப் போனது. மழை விட்டு மூன்று நாள் கழித்து வயலில் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்திருந்தது. தூரை விரலால் நசுக்கினால் கூழாக வந்தது, அழுகிய முட்டை வாடை. நட்டு இருபத்தைந்து நாள் ஆன தாளடி. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முழுகலைத் தாங்குகிற சி.ஆர். 1009 சப்-1 நெல் ரகம் போட்டிருந்தவருடைய சம்பா மட்டும், தண்ணீர் வடிந்ததும் பழுத்த தாளோடு மெல்ல நிமிர்ந்துகொண்டது.

அந்த வாரம் பிள்ளையார் கோயில் திண்ணையில் பாசனதாரர் கூட்டம். நிவாரணம், கணக்கெடுப்பு, வி.ஏ.ஓ. எப்போது வருவார் என்று வழக்கமான பேச்சு. நடுவே கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் கைப்பேசியைப் பார்த்து, "தகவமைப்புக்கான நிதிய மூணு மடங்கா ஆக்கப்போறாங்களாம்" என்று வாசித்தான். மாறுகிற பருவநிலைக்கு ஏற்ப நம்மைத் தயார்செய்துகொள்வதைத்தான் தகவமைப்பு என்கிறார்கள். "மூணு மடங்குன்னா, இப்ப நமக்கு வர்றது எவ்வளவு?" என்று ஒருவர் கேட்க, திண்ணையே சிரித்தது. சிரித்து ஓய்ந்த பிறகு ஒரு முடிவும் எடுத்தார்கள். அடுத்த மாநாடு 2026 நவம்பரில், துருக்கியின் அந்தால்யாவில். அதற்குள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்புவது, மாநில அரசின் காலநிலை மாற்ற இயக்கத்துக்கு ஒரு நகல். அங்கே போய் இந்தியா பேசும்போது, பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைக்காரன் கேட்பது இது என்று எழுதுவது. ஒரே பக்கம்தான். இரண்டாம் பக்கத்தை எந்த அலுவலகத்திலும் யாரும் புரட்டியதாக எங்களுக்கு அனுபவம் இல்லை. எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு பக்கத்தில் நாலு கோரிக்கை எழுத இடம் உண்டு. ஆனால் மனு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், முதல் கோரிக்கைதான் கோரிக்கை. மற்றதெல்லாம் "மேலும்" என்று தொடங்கி, படிப்பவர் கண்ணில் படாமலே போய்விடும். தகவமைப்புப் பேச்சுவார்த்தையில் இப்போது நடமாடுகிற வழிகளும் நாலுதான்: தொகையைக் கூட்டுவது, அளவுகோலைச் சரிசெய்வது, நடந்துவிட்ட அழிவுக்கு ஈடு தருகிற இழப்பு–சேத நிதியத்தைத் தட்டுவது, பணம் வருகிற கதவை மாற்றுவது. எது முதல் வரி?

இந்தப் பேச்சு எங்கே நிற்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1992-ல் ரியோவில் ஒப்பந்தம் போட்ட காலத்திலிருந்து உமிழ்வைக் குறைப்பதுதான் செல்லப்பிள்ளை. தகவமைப்பு வெகுகாலம் மாற்றாந்தாய்ப் பிள்ளை. 2007-ல் பாலியில்தான் அதையும் நான்கு தூண்களில் ஒன்றாக ஏற்றார்கள். 2010-ல் கான்கூனில் அதற்கென்று ஒரு சட்டகமும் குழுவும் வந்தன. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-ம் பிரிவு உலகத்துக்கே பொதுவான ஒரு தகவமைப்பு இலக்கு என்றது. ஆனால் வெப்பத்துக்கு 1.5 டிகிரி என்று எண் வைத்தவர்கள், தகவமைப்புக்கு வாசகம் மட்டும்தான் வைத்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கரியமில வாயு ஒரு டன் என்றால் சிகாகோவிலும் ஒரு டன், தூத்துக்குடியிலும் ஒரு டன். தகவமைப்புக்கு அப்படி ஒரு படி, மரக்கால் கிடையாது. மாலத்தீவில் அது கடல் சுவர். எத்தியோப்பியாவில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. எங்கள் ஊரில் ஆற்று மதகின் இறங்காத ஒரு ஷட்டர்.

2023-ல் துபாயில் தண்ணீர், உணவு, உடல்நலம் என்று ஏழு துறை இலக்குகளும், திட்டமிடல் முதல் கண்காணிப்பு வரை நான்கு படிநிலை இலக்குகளும் வைத்தார்கள். 2027-க்குள் எல்லோருக்கும் பேரிடர் முன்னெச்சரிக்கை என்பது அதில் ஒன்று. 2024-ல் அஜர்பைஜானில் "பாக்கு தகவமைப்பு வழித்திட்டம்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். (இதைத் திண்ணையில் வாசித்ததும், "வெத்தல எந்த மாநாட்டுல?" என்று ஒரு குரல் வந்தது.) பெலேமில் அந்த இலக்குகளை அளக்க 59 அளவுகோல்களை ஏற்றார்கள். இவ்வளவுதான் கதை. இனி வழிகளைப் பார்க்கலாம்.

தொகையைக் கூட்டுவது எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி. இந்தியாவும் உரக்கக் கேட்ட வழி. பாக்கு நகரில் 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் டாலர் என்று முடிவானது. ஒரு பில்லியன் நூறு கோடி. சுத்தியல் தட்டிய பிறகு இந்தியாவின் பிரதிநிதி சாந்தினி ரைனா எழுந்து, இந்த ஆவணம் வெறும் கண்மயக்கு என்று சாடினார். அந்த 300-ல் உமிழ்வுக் குறைப்பும் சேர்ந்தே இருக்கிறது. தகவமைப்புக்கு இவ்வளவு என்று தனியே பிரித்து வைக்கவில்லை. பெலேமில்தான் தகவமைப்பு நிதியை 2035-க்குள் மூன்று மடங்காவது ஆக்க முயல வேண்டும் என்ற வரி வந்தது. மிக வறிய நாடுகள் கேட்டது 2030-க்குள். கிடைத்தது ஐந்து வருஷம் தள்ளி.

தேவை எவ்வளவு? ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கை, வளரும் நாடுகளுக்கு 2035 வாக்கில் ஆண்டுக்கு 310 முதல் 365 பில்லியன் வேண்டும் என்கிறது. 2023-ல் வந்தது 26 பில்லியன். முந்தைய ஆண்டைவிடக் குறைவு. மூன்று மடங்கு ஆக்கினாலும் கால்வாசிக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆக, தொகையைக் கேட்பது நியாயமான கேள்வி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் எங்கே வருகிறது என்றால், எந்த இடத்தில் நின்று அளப்பது என்பதில். 2022-ல் தகவமைப்புக்குப் போன பணம் 32.4 பில்லியன் என்றது பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. அதே ஆண்டுக்கு ஐநா சுற்றுச்சூழல் திட்டம் சொன்னது 28 பில்லியன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அளக்கிற இடமும் முறையும் வேறு. காவிரிக்காரனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நடுவர் மன்றத்தின் 2007 தீர்ப்பில் 192 டி.எம்.சி., 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் 177.25 டி.எம்.சி. என்றபோது, அந்த எண்ணோடு பிலிகுண்டுலு என்ற இடத்தின் பெயரும் சேர்ந்தே வந்தது. அளக்கும் இடம் சொல்லாத எண்ணுக்கு எங்கள் பக்கம் மதிப்பில்லை.

இன்னொன்று, அந்தப் பணத்தின் சாயம். 2022-ல் வளர்ந்த நாடுகள் கொடுத்ததாகக் கணக்கு காட்டிய பொதுக் காலநிலை நிதியில் 69 சதவீதம் அளவுக்குக் கடன். மானியம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இது எங்களுக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. 2016-ல் ஆசிய வளர்ச்சி வங்கி காவிரியின் கிளையான வெண்ணாற்றின் உபவடிநிலத்துக்கென்று 100 மில்லியன் டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெயரிலேயே காலநிலைத் தகவமைப்பு உண்டு. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை அகலப்படுத்துவது, கரை கட்டுவது, பழைய ரெகுலேட்டர்களை மாற்றுவது. வேலை வேண்டிய வேலைதான், நான் குறை சொல்ல மாட்டேன். கீழ்வெண்ணாற்றுப் பக்கம் பாசனத்துக்கும் அதே ஆறு, வடிகாலுக்கும் அதே ஆறு. கடைசிச் சில கிலோமீட்டரில் சரிவு என்பதே பெயரளவுக்குத்தான். கடல் ஏற்றத்தில் இருக்கும்போது ஆற்றுத் தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் வயலுக்குத் திரும்பும். ஷட்டர் நேரத்துக்கு இறங்கவில்லை என்றால் கோடையில் உப்புத் தண்ணீர் மேலே ஏறும். இதைச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் இந்தக் கடலை உயர்த்தியது நாங்கள் இல்லை, கரை கட்டிய கடனை வட்டியோடு கட்டப்போவது நாங்கள். தொகையை மட்டும் கூட்டச் சொன்னால் கூடுவது கடனாகவும் இருக்கலாம். 'மானியமாக' என்ற ஒரு சொல் இல்லாமல் இந்தக் கோரிக்கையை முதல் வரியில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அளவுகோலைச் சரிசெய்வது என்ற இரண்டாவது வழியைத் திண்ணையில் யாரும் மதிக்கவில்லை. "அளந்து என்ன பண்றது, குடுக்கச் சொல்லு" என்றார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகோல்களைத் திரட்டி, நிபுணர்கள் உட்கார்ந்து நூறாகச் சுருக்கி, மாநாட்டின் கடைசி நாட்களில் அதையும் திருத்தி 59 ஆக்கி மேசையில் வைத்தார்கள். நிபுணர் வைத்த வாசகம் வேறு, வந்து விழுந்தது வேறு என்று லத்தீன் அமெரிக்க நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் நிறைவு அமர்விலேயே குறைப்பட்டன. ஆப்பிரிக்க நாடுகளின் பயம் வேறு மாதிரி. பணம் தராமல் அளவுகோலை மட்டும் தந்தால், நாளைக்கு 'உன் சொந்த பட்ஜெட்டில் இவ்வளவு ஒதுக்கினாயா' என்று எங்களையே கேட்பார்கள் என்றார்கள். கடைசியில் இவை விருப்பத்தின் பேரில்தான், நாடுகளை ஒப்பிடவோ நிதிக்கு நிபந்தனையாகவோ பயன்படாது என்று எழுதிவைத்தார்கள். இரண்டு வருஷம் மேலும் செதுக்கி 2027-ல் அடிஸ் அபாபாவில் பார்ப்பதாக ஏற்பாடு.

பிறகு யோசித்தபோது இது அவ்வளவு லேசாகத் தள்ளிவிடுகிற விஷயம் இல்லை என்று தோன்றியது. எங்களுக்கே பட்ட அனுபவம் ஒன்று உண்டு. ஒரு வருஷம் சம்பா பயிர்க் காப்பீட்டில் எங்கள் கிராமத்துக்கு இழப்பு பூஜ்யம் என்று வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமத்துக்குப் பணம் வந்தது. இரண்டு ஊர் வயலிலும் ஒரே தண்ணீர்தான் நின்றது. மகசூல் பார்க்க அறுவடைப் பரிசோதனைக்கு எடுத்த வயல் மேட்டுப்பாங்கான வயலாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான். எந்த வயலில் நின்று அளக்கிறார்கள் என்பதில் ஒரு ஊரின் ஒரு வருஷச் சாப்பாடு இருக்கிறது.

அளவுகோல் எங்கே தப்பும் என்பதற்கு எங்கள் பக்கத்தின் ஒன்றரை வருஷக் கதையே போதும். 2022-ல் மேட்டூரை மே 24-லேயே திறந்தார்கள். வழக்கம் ஜூன் 12. அதே வருஷம் நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா மழையில் படுத்தது. அந்த ஜூனில் திறந்த அணையை அக்டோபரில் மூடிவிட்டார்கள், கடைமடையில் குறுவை காய்ந்தது. ஒரே வயல், ஒரே விவசாயி. 'வெள்ளத்தைத் தாங்கும் பரப்பு' என்று ஒரு கட்டம், 'வறட்சியைத் தாங்கும் பரப்பு' என்று ஒரு கட்டம் போட்டால் இந்த வயலை எதில் எழுதுவது? சப்-1 ரகம் பயிர்ப் பருவத்தில் இரண்டு வாரம் முழுகலைத் தாங்கும். கதிர் முற்றிய பிறகு பெய்கிற பிப்ரவரி மழைக்கு அதுவும் மற்ற நெல்லைப் போலத்தான் முளைவிடும்.

இறால் குட்டையையும் சொல்ல வேண்டும். வியட்நாம் அரசு 2017-ல் மேகாங் டெல்டாவுக்கென்று 120-ம் எண் தீர்மானம் போட்டு, நெல்லைப் பிடித்துத் தொங்க வேண்டாம், உப்பு ஏறுகிற இடத்தில் உப்போடு வாழலாம் என்று திட்டம் வைத்தே திசையை மாற்றியது. எங்கள் கடலோரத்தில் திட்டமில்லாமல் குட்டை வெட்டி, பக்கத்து நிலத்துக் கிணறுகள் கெட்டு, கிருஷ்ணம்மாள் – ஜெகந்நாதன் தம்பதி போராடி, 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. தூரத்திலிருந்து எண்ணுகிறவருக்கு இரண்டும் 'மாற்று வாழ்வாதாரம்' என்ற ஒரே கட்டம்தான்.

கூட்டம் நடந்த அன்று திண்ணைக்குக் கீழே நின்றிருந்த நடவாள் அக்கா ஒருவர் இன்னொன்றும் சொன்னார். "நெலம் இருக்கிறவங்களுக்கு ஏக்கர் கணக்குல நிவாரணம் வருது தம்பி. களை பறிக்க வேல இல்லாமப் போன நாளு கணக்குல எங்களுக்கு யாரு குடுக்குறா? அத எந்த நோட்டுல எழுதுறாங்க?" 59 அளவுகோல்களில் வறுமைக்கும் வாழ்வாதாரத்துக்கும் தலைப்பு உண்டு. ஆனால் பட்டா இல்லாதவருடைய இழந்த வேலைநாளை எண்ணுகிற நோட்டு நம் ஊரிலேயே இல்லாதபோது, அந்தத் தலைப்புக்குக் கீழே எதை நிரப்பி அனுப்புவார்கள்? குத்தகைக்காரர் கதையும் ஏறக்குறைய இதுதான்.

மூன்றாவது, இழப்பு–சேத நிதியம். மனசு இதற்குத்தான் முதலில் ஓடும், வயல் அழுகிக் கிடக்கும்போது வேறு எதற்கு ஓடும்? 2022-ல் எகிப்தில் ஒப்புக்கொண்டு, 2023-ல் துபாயில் தொடங்கிவைத்து, பெலேமில்தான் முதல் விண்ணப்ப அழைப்பு விட்டார்கள். கணக்கை மட்டும் பாருங்கள். எல்லா நாடுகளும் சேர்ந்து இதுவரை அறிவித்தது 80 கோடி டாலர் அளவில். முதல் சுற்றுக்கு ஒதுக்கியது 25 கோடி. ஒரு விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் 2 கோடி டாலர், 2025 கடைசி மதிப்பில் சுமார் 180 கோடி ரூபாய். அதிலும் பாதிக்குக் குறையாமல் சிறு தீவு நாடுகளுக்கும் மிக வறிய நாடுகளுக்கும். இந்தியா இரண்டிலும் சேர்த்தி இல்லை. 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவுக்கு மாநிலம் கேட்டது 15,000 கோடி ரூபாய் அளவில். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து மத்திய அரசு ஒப்புதல் தந்தது 1,146 கோடி. போதாது என்று நாங்கள் கத்திய அந்தத் தொகையில் ஆறில் ஒரு பங்குகூட இந்த உலக நிதியத்தின் ஒரு விண்ணப்பத்தில் வராது. சாய்ந்த தென்னைக்கு அங்கே போய் நிற்பதில் பயனில்லை. நியாயத்துக்காகக் கடைசி வரியில் ஒரு வார்த்தை எழுதலாம், அவ்வளவுதான்.

நான்காவது, பணம் வருகிற கதவை மாற்றுவது. இதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. ஐநா அமைப்பையோ உலக வங்கியையோ இடையில் வைக்காமல், ஒரு நாட்டின் சொந்த நிறுவனமே நேரே விண்ணப்பித்து மானியம் வாங்கும் முறையை, ஐநா காலநிலை ஒப்பந்தத்தின்கீழ் இயங்கும் தகவமைப்பு நிதியம்தான் முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பசுமைக் காலநிலை நிதியமும் பிறகு அதை ஏற்றது. இரண்டுக்கும் இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் நபார்டு உண்டு. நபார்டு வழியாக ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளில் நிலத்தடி நீர் செறிவூட்டலுக்குப் பசுமை நிதியம் பணம் தந்தது. கடலோர மக்களுக்கென்று 2018-ல் அதே நிதியம் 43.4 மில்லியன் டாலர் மானியம் தந்தபோது, ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசா மூன்றும் பட்டியலில் இருந்தன. நாம் இல்லை. கடனாக வெண்ணாற்றுக்கு வந்தது, மானியமாக வேறு கரைக்குப் போனது. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. கதவு எங்கே இருக்கிறது, யார் எப்போது தட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓட்டை என்னவென்றால், கதவு நல்ல கதவு, உள்ளே குதிர் காலி. தகவமைப்பு நிதியம் ஆண்டுக்கு 300 மில்லியன் டாலர் திரட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தால், பெலேமில் சேர்ந்தது 135 மில்லியன் அளவில். ஒரு நாட்டுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் உண்டு. இந்தியா முழுமைக்கும் அவ்வளவுதான் என்றால் டெல்டாவுக்குச் சுண்டைக்காய். அதோடு, பணம் வாஷிங்டனிலிருந்து மும்பையில் இருக்கிற நபார்டுக்கு நேரே வந்துவிட்டால் மட்டும் கடைமடைத் தலைஞாயிறு வந்து சேருமா? தலைமடைக்காரன் தன் மதகை மூடாமல் விட்டால் தண்ணீர் எங்கள் வயலுக்கு வராது என்பதுபோல, நடுவில் எத்தனை மதகு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் மிக வறிய நாடுகள் ஒரு நல்ல வேலை செய்திருக்கின்றன. தங்களுக்கு வரும் காலநிலை நிதியில் 70 சதவீதத்தை 2030-க்குள் உள்ளூர் மட்டத்துக்குச் சேர்ப்பதாக அந்த நாடுகள் தங்களுக்குள்ளேயே ஓர் உறுதி போட்டுக்கொண்டிருக்கின்றன. யாரும் வற்புறுத்தி இல்லை. இந்தியாவுக்கு அப்படி ஒரு எண் இல்லை. நான் மனுவின் முதல் வரியாக இதைப் பிடித்ததற்குக் காரணம் இதுதான்: தொகையைக் கூட்டு என்றால் வளர்ந்த நாட்டு நிதியமைச்சர் சம்மதிக்க வேண்டும். இழப்பீடு கொடு என்றால் அவர்களுடைய வக்கீல்கள் சம்மதிக்க மாட்டார்கள். கதவை மாற்று, மானியமாகக் கொடு, கடைசி மதகு வரை கொண்டுபோ என்பதில் பாதி, டெல்லியும் சென்னையும் அந்தால்யாவுக்குப் போகாமலே செய்யக்கூடியது. 2023-ல் ஐநாவுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்தியா தகவமைப்பு தொடர்பான தன் செலவு 2021–22-ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5.6 சதவீதம் என்று சொல்லியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருவது அதன் பக்கத்தில் கொசுறு. அப்படியானால் நம் பணமே கடைமடைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்காமல், ஜெர்மனியின் பணம் எவ்வளவு வருகிறது என்று கேட்பதில் ஒரு கூச்சமும் இருக்கிறது.

கூச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. டெல்டாவில் நாங்கள் எப்போதும் தலைமடையைத் திட்டியே பழகியவர்கள். தஞ்சாவூர்க்காரன் நாற்று விட்டு நட்டு முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர் வரும். ஆனால் இந்த நிதியங்களின் வாசலில் மாலத்தீவும் வங்கதேசமும் நிற்கும்போது, அவர்கள் கண்ணுக்கு இந்தியா தலைமடை. நமக்கும் கீழே ஒரு கடைமடை இருக்கிறது. டிட்வா எங்கள் பயிரை அழித்த அதே வாரத்தில் இலங்கையில் நூற்றுக்கணக்கான உயிர்களை எடுத்தது. ஆகவே இழப்பு–சேத நிதியத்தில் பாதி சிறு தீவு நாடுகளுக்கும் மிக வறிய நாடுகளுக்கும் என்ற வரம்பை எதிர்த்து எழுத நான் தயாரில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். "நீ யாருக்கு மனு எழுதுற தம்பி?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான்.

இரண்டு வாரம் எழுதி அடித்து இப்போது வரிசை இப்படி நிற்கிறது. முதல் வரி: தகவமைப்பு நிதி மானியமாக, நேரடி வழியில், 70 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளூர் மட்டத்துக்கு வர இந்தியா தனக்கே ஓர் எண் வைத்துக்கொண்டு, அந்தால்யாவில் மற்றவர்களையும் கேட்க வேண்டும். அதே வாக்கியத்தின் வாலாக அளவுகோல்: பணத்தையும் பலனையும் வடிகாலின் கடைசி மதகில் நின்று அளக்க வேண்டும், பட்டா இல்லாதவரின் வேலைநாள் இழப்பையும் சேர்த்து. தொகையை மூன்று மடங்காக்குவது இரண்டாம் வரி, எதிலிருந்து மூன்று மடங்கு என்ற கேள்வியோடு. இழப்பு–சேதம் கடைசி வரி. நடவாள் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "வேலநாளு வாலுல கெடக்குதே, தலையில போடக் கூடாதா?" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரைவை வாசித்தபோது எண்பது வயதைத் தாண்டிய பெரியப்பா ஒருவர் "கடைசி மதகில் நின்று அளக்க" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். "மேட்டூர்ல எத்தன கன அடி தெறந்தாங்கன்னு தெனம் பேப்பர்ல போடுறான். நம்ம மதகுக்கு வந்தத என்னிக்காவது போட்டிருக்கானா? முன்ன நம்ம மதகுச் சுவத்துல அளவுக் கல்லு இருந்துச்சுடா. அடிக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும். லஸ்கர் வந்து பாத்து எழுதிட்டுப் போவாரு."

அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. மறுநாள் காலை அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆகாயத்தாமரையை இரண்டு ஆள் அகலத்துக்கு ஒதுக்கி, பாசியைச் சுரண்டிப் பார்த்ததில் கல் இருந்தது. மேலே மூன்று கோடு தெரிந்தது. கையை விட்டுத் துழாவியதில் நாலாவது கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. அதற்குக் கீழே வண்டல். எத்தனை கோடு புதைந்திருக்கிறது என்று தெரிய, கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு தோண்டித்தான் பார்க்க வேண்டும். பையன் கல்லைப் படம் எடுத்துக்கொண்டான். மனுவோடு அதையும் இணைக்கலாம் என்று இருக்கிறோம். அப்படி இணைத்தால் இரண்டாம் பக்கம் ஆகிவிடுமே என்பதுதான் இப்போது திண்ணையில் ஓடுகிற விவாதம்.